மூன்று பீங்கான் கட்டைகள்

“பயத்தை எப்படி எடுக்கிறது, மேடம்?” என்று கேட்டார் உதுமான்.

முப்பிடாதி பழைய பல்பு ஹோல்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு பயத்தை?”

“மாசானம் பயத்தை.”

“ம்” என்றார் முப்பிடாதி. திருப்புளி சுற்றிக்கொண்டே இருந்தது.

தென்காசிக்கு மேற்கே, மலை மிக அருகில் தெரியும் இடத்தில் இருந்தது அந்தத் தொழிற்பயிற்சி நிலையம். முற்றத்துக்கு இந்தப் பக்கம் வயர்மேன் கொட்டகை, அந்தப் பக்கம் ஃபிட்டர் கொட்டகை. வயர்மேன் பிரிவுக்கு முப்பிடாதி மாஸ்டர். வயது நாற்பதைத் தொடவில்லை. உதுமான் அவரைவிட மூத்தவர். ரியாத்தில் பல காலம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இனி ஊரோடு இருப்போம் என்று கடையநல்லூருக்குத் திரும்பி, இங்கே உதவி மாஸ்டராகச் சேர்ந்திருந்தார்.

சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். “எனக்கு வேலை தெரியும், மேடம். வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அதை உங்ககிட்டதான் கத்துக்கிடணும்.”

முப்பிடாதி அதற்கும் “ம்” என்றுதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் குரு, இவர் சீடர். இரண்டு பேருமே அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டதில்லை.

சித்திரை வெயிலில்தான் உதுமான் அந்தக் காரியத்தைச் செய்தார். பிள்ளைகள் வயரிங் பழகுகிற போர்டுக்குப் பக்கத்தில் வரவே தயங்கினார்கள். அவர்களை உற்சாகப்படுத்த நினைத்தார். ஒரு மர முக்காலியின் மேல் ஏறி நின்றார். கரண்ட் ஓடுகிற கம்பியை ஒரு விரலால் தொட்டார். சிரித்தார்.

“பாத்தீங்களா? கரண்டு நாய் மாதிரி. பயந்தவனைத்தான் கடிக்கும்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் மாசானம்.

ரியாத்தில் புது ஆட்களுக்கு அவர் அப்படித்தான் தைரியம் கொடுப்பார். அந்த ஊரில் மரம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும், கரண்ட் அதன் வழியே தரைக்கு இறங்காது.

ஆனி பிறந்தது. மலையில் சாரல் இறங்கியது. சுவர் வியர்த்தது, சாக்பீஸ் நமத்தது. ஒருநாள் மதியம், மாஸ்டர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பயந்துகொண்டிருந்த இன்னொருவனுக்குத் தைரியம் கொடுக்க மாசானம் முக்காலியில் ஏறினான். உதுமான் மாதிரியே விரலை நீட்டினான். உதுமான் மாதிரியே சிரிக்கவும் தொடங்கினான்.

விழும்போது அவன் கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது.

மூச்சு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே திரும்பி வந்தான். விரல் பட்டதும் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்ட உள்ளங்கையில் ஒரு கறுத்த பொட்டு மட்டும் மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு அவன் போர்டுக்குப் பக்கத்தில் போகவே இல்லை. பிளக் பிடுங்கிப்போட்ட போர்டைக்கூடத் தொடவில்லை. வகுப்பில் கடைசியில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தான். மற்றவர்கள் அவனுக்கு ‘ஷாக்கு’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. அவர்களும் ஜன்னலை ஒட்டி உட்காரத் தொடங்கினார்கள்.

வேறொன்றும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. உதுமான் தன் வீட்டில் ஃபேன் போட மனைவியைக் கூப்பிட்டார். கை ஈரமாக இருக்கிறது என்றார். கை ஈரமாக இல்லை.

ஹோல்டர் கழன்று வந்தது. முப்பிடாதி நிமிர்ந்தார்.

“அந்த முக்காலி எங்க கிடக்கு, பாய்?”

“தாழ்வாரத்துல.”

“எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்தார்.

“தொட்டுப் பாருங்க. ஈரமா?”

உதுமான் பலகையைத் தடவினார். கால்களைத் தடவினார். “இல்லயே. காஞ்சுதான் இருக்கு.”

முப்பிடாதி அலமாரியிலிருந்து மெகரை எடுத்தார். கம்பிக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற பெட்டி அது. ஒரு முனையை முக்காலியின் பலகையிலும் மறுமுனையைக் காலிலும் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். முள், ஏற வேண்டிய இடத்துக்கு ஏறவில்லை. பாதியில் நின்று ஆடியது.

உதுமான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இறங்கியிருக்கு” என்றார் முப்பிடாதி. “சாரல் மேல தெரியாது.”

“இதை உடைச்சுப் போட்டுருதேன், மேடம்.”

“எதுக்கு? ஒக்கார ஆகும்.”

உதுமான் முக்காலியை மறுபடி தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வரும்போது வாசலில் மாசானம் நின்றான். கையில் டூல் பை.

“இந்தாங்க மேடம்” என்று மேசைமேல் வைத்தான். “டெஸ்டர், கட்டிங் பிளேயர், எல்லாம் இருக்கு. பாத்துக்கிடுங்க.”

“எங்க போற?”

“புனலூருக்கு. மாமா டீக்கடை வச்சிருக்காரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறாரு.”

“அப்பாகிட்ட கேட்டியா?”

“அப்பாதான் சொன்னாரு. உசிரு கிடந்தா போதும்னு.”

அவன் அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. வீட்டில் ஒரு தொழில் படிக்க வந்த முதல் ஆள் மாசானம். சேர்ந்த புதிதில், டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பஸ்ஸில் போவான், நாலு பேர் பார்க்க.

“டீ போடத் தெரியுமா?” என்றார் முப்பிடாதி.

“கத்துக்கிடுவேன். சுட்டாலும் கைதான் சுடும்.”

உதுமானுக்குப் பொறுக்கவில்லை. “ஏல, பயப்படாதல. நான் வாங்காத அடியா? ஒருதடவை மூணாவது மாடியில...”

மாசானம் ஓர் அடி பின்னால் போனான்.

“ஒண்ணும் ஆகாதுல. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நான் பக்கத்துலேயே நிக்கேன். பயப்படாத.”

இன்னோர் அடி. இப்போது நிலைப்படியில் அவன் முதுகு இடித்தது.

“சார்” என்றான் மாசானம். “நீங்க பயப்படாதங்கும்போதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அன்னைக்கும் அதைத்தான் சொன்னீங்க.”



அப்போதுதான் வெளியே சடசடவென்று சத்தம் கேட்டது. மலைக்காற்று. முற்றத்து வேப்பமரத்தின் கிளை முறிந்து, கொட்டகைகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பிகளின் மேல் விழுந்தது. ஒரு கம்பி பீங்கான் குமிழிலிருந்து நழுவி இரும்புத் தாங்கியில் உரசியது. நீலமாக ஒரு பொறி. இன்னொன்று. சுட்ட வாசனை வந்தது.

மாசானம் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

முப்பிடாதி தாழ்வாரத்துக்குப் போனார். அங்கேதான் சுவரில் மெயின் போர்டு, இரும்புப் பெட்டிக்குள். கைப்பிடியைக் கீழே இழுத்தார். ஃபிட்டர் கொட்டகையில் லேத் மெஷின்கள் முனகி ஓய்ந்தன. மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. அவை இல்லாமல் அந்தப் போர்டிலிருந்து கரண்ட் எங்கும் போகாது.

“மாசானம், இங்க வா.”

வந்தான். போர்டுக்கு எட்டியே நின்றான்.

“கையை நீட்டு.”

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இதுல கரண்டு இல்ல. வெறும் பீங்கான்.”

“தெரியும், மேடம்.”

“தெரிஞ்சா நீட்டு.”

நீட்டினான். மூன்றையும் அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“சுடுது, மேடம்.”

“இவ்வளவு நேரம் வேலை பாத்ததுல்லா.”

மாசானம் அவற்றைப் பார்த்தான்.

“நான் மேல ஏறப்போறேன்” என்றார் முப்பிடாதி. “ரெண்டு காலும் தரையில வைக்கிற வரைக்கும் இது உன் பாக்கெட்டுல இருக்கணும். யாரு கேட்டாலும் கொடுக்காத.”

“சார்கிட்ட கொடுங்க, மேடம். எனக்குக் கை நடுங்குது.”

“பாத்தேன்.”

“பெறவு எதுக்கு...”

“பாய் ஏணியைப் பிடிக்கணும்” என்று சொல்லிவிட்டு முப்பிடாதி முற்றத்தில் இறங்கினார்.

உதுமான் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டுட்டா போதுமே, மேடம். ரியாத்துல பூட்டுப் போடாம கம்பத்துல காலை வைக்க மாட்டோம்.”

“பூட்டு இருக்கு.”

“சாவி?”

“ஒண்ணு ஆபீஸ்ல. இன்னொண்ணு ஃபிட்டர் மாஸ்டர்கிட்ட.”

“அதுக்காக இவன்கிட்டயா?”

முப்பிடாதி சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். மேலே போட்டிருந்த காக்கிச் சட்டையின் பித்தானைக் கழுத்துவரை போட்டார். ஏணியில் காலை வைத்தார்.

உதுமான் இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தார். சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மூங்கில் வழுக்கியது. மேலே, டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்தார் முப்பிடாதி. பிறகு டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, புறங்கையை மெதுவாகக் கம்பியிடம் கொண்டுபோனார்.

முதலில் புறங்கை. அவர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது. கரண்ட் இருந்தால் கை தானாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டவன் கம்பியைப் பிடித்துக்கொள்வான், புறங்கையால் தொட்டவன் விட்டுவிடுவான்.

அந்தக் கை கம்பியைத் தொடும்போது உதுமான் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது முப்பிடாதி வெறுங்கையால் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

லேத் ஓடவில்லை. ஃபேன் ஓடவில்லை. ஆபீஸ் ரேடியோவும் இல்லை. அந்த இடத்தில் அத்தனை அமைதியை உதுமான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கிண், கிணுகிண், கிண். என்ன அது என்று முதலில் புரியவில்லை. பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார். மாசானம் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு நின்றிருந்தான். அவன் கை நடுங்க, பீங்கான் கட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

ஃபிட்டர் கொட்டகையிலிருந்து சங்கரலிங்கம் மாஸ்டர் வந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வேகமாக முற்றத்தைக் கடந்து, எதிர்ப்பக்கப் படி வழியாகத் தாழ்வாரத்தில் ஏறினார். அங்கிருந்து பார்த்தால் ஏணியின் உச்சி தெரியாது. ஓட்டுச் சரிவு மறைத்திருந்தது.

“யாருல அது? ஷாக்கு மாசானமா?” என்று சிரித்தார். “நல்லா இருக்குல. கரண்டுக்குப் பயந்தவனா கரண்டுக்குக் காவல்? எங்க கட்டை?”

“எங்கிட்ட இருக்கு, சார்.”

“கொண்டா. பிள்ளைக பாதி வேலையில நிக்காங்க. வேலை பாழாப்போனா உங்க மேடமா வந்து கடைஞ்சு கொடுப்பா?”

“மேடம் மேல நிக்காவ, சார்.”

“நிக்கட்டும். கிளை விழுந்தது உங்க கொட்டகை லைன்ல. எனக்கு அந்தால தனி லைன் போகுது.”

“இல்ல சார். ஒரே லைனுதான்.”

“நீ எனக்குச் சொல்லித் தாரியா? நான் இங்க வந்தப்ப நீ பொறக்கவே இல்லல.”

மாசானம் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

சங்கரலிங்கம் அவனைக் கொஞ்சம் பார்த்தார். தரையில் வகுப்பு முடிந்து வாராமல் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார்.

“கட்டை இல்லன்னா என்ன? ரெண்டு கம்பியைச் சொருகினா வந்துட்டுப் போகுது.”

விரலில் கம்பியை முறுக்கிக்கொண்டே போர்டை நோக்கி நடந்தார்.

முற்றத்தில் உதுமானுக்கு எல்லாம் கேட்டது. ஏணியை விட்டால் அது வழுக்கும். விடாவிட்டால்... கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தார். முப்பிடாதியின் இரண்டு கைகளும் கம்பியில் இருந்தன. அவர் கீழே பார்க்கவில்லை.

தாழ்வாரத்தில் மாசானம் நகர்ந்தான்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவன், பிளக் இல்லாத போர்டையும் தொடாதவன், போய் அந்த இரும்புப் பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றான். பெட்டி அதிர்ந்தது. காற்றினால் அல்ல.

“தள்ளுல.”

“மேல ஆள் இருக்கு, சார்.”

“மாசானம், தள்ளு.”

“மேல ஆள் இருக்கு, சார்.”

“அறைஞ்சேன்னா...”

“அறைங்க சார். மேல ஆள் இருக்கு.”

அவன் உதடு வெளுத்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. கிணுகிணு கிணுகிணுவென்று பைக்குள் கட்டைகள் அடித்துக்கொண்டன.

உதுமானுக்குக் குரல் வந்தது. பெரிய குரல் இல்லை.

“சங்கரலிங்கம் சார், கொஞ்சம் இங்கன குனிஞ்சு பாருங்க.”

சங்கரலிங்கம் ஓட்டுச் சரிவுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஏணியைப் பார்த்தார். ஏணி உச்சியில் வெறுங்கையைப் பார்த்தார். அந்தக் கை பிடித்திருந்த கம்பியோடு அவர் கண் போனது. கம்பி முற்றத்தின் மேலாகப் போய், அவருடைய கொட்டகைக் கூரையில் முடிந்தது.

விரலில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினார். பிரிக்க வரவில்லை. பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

வேலை முடிந்து முப்பிடாதி இறங்கினார். ஒரு காலைத் தரையில் வைத்தார். மறு காலையும் வைத்தார். தாழ்வாரத்துக்கு வந்து மாசானத்தின் முன்னால் நின்றார்.

“எங்க?”

கையை வெளியே எடுத்தான். விரல்கள் திறக்கவில்லை. முப்பிடாதி அவற்றைப் பிரிக்கவில்லை. காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகத் திறந்தன. உள்ளங்கையில், கறுத்த பொட்டைச் சுற்றி, பீங்கான் விளிம்பு பதிந்த சிவப்புத் தடம்.

முப்பிடாதி கட்டைகளை வாங்கவில்லை.

“நீயே போடு.”

மாசானம் போர்டைத் திறந்தான். கைப்பிடி கீழேதான் இருக்கிறதா என்று பார்த்தான். மறுபடி பார்த்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான், வகுப்பில் சொன்னபடி. முதல் கட்டை அதன் இடத்தில் பொருந்தாமல் டக்டக்கென்று தட்டியது. பிறகு பொருந்தியது. இரண்டாவதும் தட்டியது. மூன்றாவதும் தட்டியது.

“மேல யாரும் இல்லயே, மேடம்?”

“இல்ல.”

அவனும் ஒருதடவை குனிந்து, ஏணியைப் பார்த்துக்கொண்டான். பிறகு கைப்பிடியை மேலே தூக்கினான்.

லேத்கள் முனகி எழுந்தன. ஆபீஸ் ரேடியோ ஒரு வார்த்தையின் நடுவிலிருந்து பேசத் தொடங்கியது.

சங்கரலிங்கம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மாசானத்தைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

“டீ குடிச்சியால?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் சாரலில் இறங்கிப் போனார்.

சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, உதுமான் வகுப்பறையைப் பூட்ட வந்தார். மேசையைப் பார்த்தார். டூல் பை இல்லை.

முப்பிடாதி முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். உதுமான் பக்கத்தில் போய் நின்றார்.

“மேடம். கீழ நடந்தது மேல கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“சங்கரலிங்கம் சார் கம்பியைப் பொறுக்கினதும்?”

“அதை நீங்க பாத்திருப்பீங்க. எனக்கு அவரு சொன்னதுதான் கேட்டுச்சு.”

“பெறவு ஏன் கம்பியை விடல? ஏன் ஒரு சத்தம் கொடுக்கல?”

முப்பிடாதி குழாயை மூடினார்.

“அவன் எப்படி நடுங்கினான்னு நீங்க பாக்கல, மேடம்” என்றார் உதுமான். “பாத்திருந்தா அந்தக் கட்டையை அவன் கையில விட்டுட்டு மேல நின்னிருக்க மாட்டீங்க.”

“பாக்கலதான்” என்றார் முப்பிடாதி. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “ஆனா அவன் பாக்கெட்டுல கட்டைக உரசுற சத்தம் மேல வரைக்கும் வந்துட்டே இருந்துச்சு. பயந்தவன் கட்டையை விட மாட்டான். அது நின்னிருந்தா இறங்கியிருப்பேன், பாய்.”